மலைநாட்டு மோட்டார் சைக்கிளும் முன்கவை எண்ணெயும்

விழா மலரொன்றிலே கல்வியும் சமயமும் கலையும் பேசப்படுதல் மரபு. அம்மரபினிடையே மோட்டார் சைக்கிளின் முன்கவைக்கு ஊற்றும் எண்ணெயைப் பற்றி எழுதப் புகுவது பொருந்துமோ என ஐயுறுவார் உளராகலாம். ஆயின், நம் கல்லூரியிற் கற்று வெளியேறியோருட் பலர் அற்றன், தலவாக்கலை, நுவரெலியா முதலாம் மலைநாட்டுப் பகுதிகளிலே ஆசிரியராகவும், தோட்ட உத்தியோகத்தராகவும், தபாற் பணியாளராகவும் கடமை புரிகின்றனர். பஸ் வண்டி ஏறாத தோட்டப் பாதைகளில் விடியற் பனியினூடே அவர்களை உரிய நேரத்திற் கொண்டு சேர்ப்பது பெரும்பாலும் ஒரு பழைய மோட்டார் சைக்கிளே. அவ்வண்டியின் முன்சக்கரம் நிலத்தை விடாது பற்றி நிற்றல் அவர்தம் உயிரோடு தொடர்புடைய செய்தியாகும். ஆதலின் இப்பொருள் விழா மலருக்குப் புறம்பானதன்று.

பழைய வண்டியை ஏன் பேணவேண்டும், புதியது வாங்கலாகாதோ எனக் கேட்பார்க்கும் ஒரு விடை உண்டு. 2020 ஆம் ஆண்டிலே வெளிநாட்டுச் செலாவணியைக் காத்தற்பொருட்டு இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு அத்தடை நீங்கியது 2025 இலேயாம். இடைப்பட்ட ஆண்டுகளில், கையிலிருந்த வண்டியைப் பேணத் தெரிந்தவரே தடையின்றித் தொழிலுக்குச் சென்றனர். அக்காலம் கற்பித்த பாடத்தை இன்று மறத்தல் ஆகாது.

இனி, முன்கவை என்பது யாது என நோக்குவாம். முன்சக்கரத்தை இருபுறமும் பற்றி நிற்கும் இரு குழாய்க் கால்களின் தொகுதியே கவை. கராஜ்களில் இது ‘போர்க்’ எனவும், ‘முன் ஷொக்’ எனவும் வழங்கும். ஒவ்வொரு காலிலும் ஒரு குழாய் மற்றொன்றினுள்ளே நழுவி ஏறியிறங்கும். அதனுள்ளே ஒரு சுருள்வில்லும், அளவான எண்ணெயும், எண்ணெய்க்கு மேலே சிறிது காற்றும் இருக்கும். சக்கரம் குழியில் விழுந்து மேட்டில் ஏறும்போது வண்டியின் பாரத்தைத் தாங்குவது வில். தாங்கிய வில் மீண்டும் துள்ளும். துள்ளியது பின்னும் துள்ளும். அத்துள்ளலை அடக்கி ஒரே அசைவில் ஓயச்செய்வது எண்ணெய். குழாய் அசையுந்தோறும் எண்ணெய் சிறு துளைகளினூடே புகுந்து செல்லவேண்டியிருக்கிறது. பீச்சாங்குழலில் நீரை நிரப்பி அழுத்தினால் எளிதிற் பாயும். கித்துள் பாணியை நிரப்பி அழுத்தினாற் கை நோகும். அந்த எதிர்ப்பே முன்கவை எண்ணெயின் தொழில்.

இவ்வமைப்பு அவ்வளவு பழமையானதன்று. முன்னாளைய வண்டிகளில் சட்டக் கவையும், புறத்தே ஒரு வில்லும், துள்ளலை அடக்க உராய்வுத் தட்டுகளுமே இருந்தன. எண்ணெயால் அடக்கப்படும் குழாய்க் கவையை விற்பனைக்குரிய வண்டியில் முதன்முதல் அமைத்தது ஜேர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனம், ஆண்டு 1935. போர்க்காலத்திலே, 1941 இல், இங்கிலாந்தின் மச்லெஸ் நிறுவனமும் தன் படைத்துறை வண்டியில் இதனைக் கைக்கொண்டது. போருக்குப் பின் இம்முறை உலகெங்கும் பரவிற்று. தோட்டங்களிலே சின்னத்துரைமார் ஏறித் திரிந்த பிரித்தானிய வண்டிகளிலும், 1955 முதல் சென்னையில் உருவான என்பீல்ட் புல்லட்டிலும், பின்னாளில் வந்த யப்பானியச் சிறுவண்டிகளிலும் நாம் காண்பது இக்கவையே.

இக்காலத்து விலையுயர்ந்த வண்டிகளிலே துள்ளலை அடக்கும் வலிமையைக் கூட்டவும் குறைக்கவும் கவையின் தலையில் திருகாணிகள் உண்டு. பழைய வண்டியில் அவை இல்லை. துளைகளின் அளவு தொழிற்சாலையிலேயே நிலைபெற்றுவிட்டது. எனவே, ஓட்டுபவன் எளிதில் மாற்றக்கூடியது எண்ணெய் ஒன்றே. பழைய வண்டிக்கு எண்ணெயே திருகாணி. அத்திருகாணியை எப்பக்கம் திருப்புவது என்பதே நம் வினா.

எண்ணெயின் தடிப்பை விஞ்ஞான நூலார் பிசுக்குமை என்பர். எண்ணெயின் பிசுக்குமையை அளக்கும் அலகு சென்றிஸ்ரோக். அயர்லாந்திற் பிறந்து கேம்பிரிட்ஜிற் பேராசிரியராய் விளங்கிய ஸ்ரோக்ஸ் என்னும் அறிஞரின் பெயரால் அமைந்தது அது. 20 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் நீரின் பிசுக்குமை ஏறத்தாழ 1 சென்றிஸ்ரோக் எனக் கொண்டால், ஏனையவற்றை ஒப்பிட்டு உணரலாம்.

பிசுக்குமை நிலையானதன்று என்பதே இங்குக் கருதத்தக்கது. குளிருந்தோறும் எண்ணெய் தடிக்கும், சூடேறுந்தோறும் இளகும். மலைநாட்டு இல்லத்தரசிகள் இதனை நாள்தோறும் காண்கின்றனர். கொழும்பிலே நீர்போல் வழியும் தேங்காயெண்ணெய் நுவரெலியாவின் காலைப்பொழுதிலே போத்தலினுள் வெண்கட்டியாய் உறைந்து கிடக்கும். முன்கவை எண்ணெய் அவ்வாறு உறைவதில்லை. ஆயினும் அதுவும் தடிக்கவே செய்யும். எஞ்சின் எண்ணெயோ ஓடத் தொடங்கிச் சிறிது நேரத்திற் கொதிப்பேறிவிடும். புறக்குளிர் அதனை அதிகம் பாதியாது. கவையினுள்ளிருக்கும் எண்ணெய்க்கு அத்தகைய அடுப்பு இல்லை. ஓடும்போதும் அது சூழ்ந்துள்ள காற்றின் வெப்பநிலையை ஒட்டியே இருக்கும்.

கணக்காற் காண்போம். கடல்மட்டத்திலிருந்து 1,000 மீற்றர் ஏறினால் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 பாகை குறையும் என்பது பொது விதி. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. ஆகவே அங்குக் குறைவது ஏறத்தாழ 12 பாகை. கொழும்பில் 28 பாகை நிலவும்போது நுவரெலியாவில் 16 பாகை. தை, மாசி மாதங்களின் விடியற்காலைகளில் இது 10 பாகைக்கும் கீழே செல்லும். சில நாட்களிற் புல்லின்மேல் உறைபனியும் படியும். இனி, 40 பாகையில் 32 சென்றிஸ்ரோக் உள்ள சாதாரண கனிப்பொருள் எண்ணெய் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அது கொழும்பின் 28 பாகையில் ஏறத்தாழ 56 ஆகும். நுவரெலியாவின் 16 பாகையில் 110 ஆகும். விடியற்காலையின் 10 பாகையில் 160 ஆகும். ஒரே தகரத்திலிருந்து ஊற்றிய எண்ணெய் மலையேறியதும் இருமடங்கு தடித்துவிடுகிறது. விடியலிலே மும்மடங்கை எட்டுகிறது.

இக்கணக்கை உள்ளத்தில் இருத்தி, நம்மிடையே பெருவழக்காயுள்ள ஓர் அறிவுரையை ஆராய்வாம். “இது வெப்ப நாடு, கைந்நூல் குளிர்நாட்டார்க்கு எழுதப்பட்டது, ஆகையால் ஒருபடி தடித்த எண்ணெயையே ஊற்றுக” என்பது அவ்வறிவுரை. தாழ்நிலத்துக்கு இது பொருந்தக்கூடியதே. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் எண்ணெய் இளகி நிற்பதால், ஒருபடி தடித்ததை நாடுவார் கூற்றிற் பிழையில்லை. ஆனால் மலைநாடு அந்த வெப்ப நாட்டைச் சேர்ந்ததன்று. யப்பானின் தோக்கியோ நகரத்து ஆண்டுச் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 16 பாகை. இங்கிலாந்தின் நடுக்கோடைச் சராசரியும் அதற்கு அண்மையதே. நுவரெலியாவின் சராசரியும் அதுவே. எனவே, யப்பானிலும் இங்கிலாந்திலும் வண்டியை ஆக்கியோர் கைந்நூலில் எழுதிய எண், கொழும்பைக் காட்டிலும் நம் மலைநாட்டுக்கே நன்கு பொருந்துகிறது. கொழும்பிலிருந்து வரும் வண்டியோடு கொழும்பின் அறிவுரையும் மலையேறி வந்துவிடுதலே குழப்பத்துக்குக் காரணம்.

தடித்த எண்ணெயால் வரும் தீங்கு யாதெனின், கவை விறைத்துப் போதல். கல் பதித்த தோட்டப் பாதையிலே மேடும் பள்ளமும் அடுத்தடுத்து வரும். முதல் மேட்டில் அமுங்கிய கவை, அடுத்தது வருமுன் மீண்டெழவேண்டும். எண்ணெய் மிகத் தடித்திருப்பின் அது மெல்ல மெல்லவே எழும். எழுமுன்னே மீண்டும் அமுக்கப்படும். இவ்வாறு படிப்படியாய்த் தாழ்ந்து, ஈற்றில் அசையவே இடமின்றி நிற்கும். அப்பொழுது சக்கரம் நிலத்தைத் தழுவாது கல்லுக்குக் கல் தாவும். தாவும் சக்கரத்துக்குப் பிடிப்பு இல்லை. ஈரம் படிந்த கொண்டையூசி வளைவிலே, முன் பிறேக்கைப் பிடிக்கும் கணத்திலே, அப்பிடிப்பின்மை வண்டியை வீழ்த்திவிடும். ஓட்டுபவனோ, “கவை இறுக்கமாக இருக்கிறது, ஆகவே உறுதியாக இருக்கிறது” என்று எண்ணியிருப்பான். இறுக்கம் வேறு, உறுதி வேறு.

மிக இளகிய எண்ணெயும் நன்றன்று. அதனால் வண்டி தோணிபோல் ஆடும். பிறேக் பிடித்தவுடன் தலை கவிழும். வளைவிலே வழி தவறும். இரண்டுக்கும் நடுவே நிற்பதே தக்கது.

நிற்க. கடையிலே தகரத்தைக் கையில் எடுத்தால் அடுத்த இடர் தொடங்குகிறது. நம் நிகண்டு நூல்களிலே ஒரு சொல் பல்பொருட் பெயர்த்தொகுதி என ஒரு பகுதி உண்டு. ஒரே சொல் இடத்துக்கேற்ப வெவ்வேறு பொருள் தருதலை அது தொகுத்துரைக்கும். எண்ணெய்த் தகரத்தின் எண்களும் அத்தொகுதியைச் சேர்ந்தனவே. அமெரிக்க மோட்டார்ப் பொறியியலாளர் சங்கத்தார், சுருக்கமாக எஸ்.ஏ.இ., 1911 இல் எஞ்சின் எண்ணெய்களை வகுத்து எண் கொடுத்தனர். அம்முறையில் எண்ணோடு வரும் டபிள்யூ என்னும் எழுத்து குளிர்காலத்தைக் குறிப்பது. முன்கவை எண்ணெய் செய்வோர் அவ்வெண்களை இரவல் பெற்று 5, 10, 15, 20 எனத் தம் தகரங்களில் இட்டனர். ஆயினும் அவர்களைக் கட்டுப்படுத்தும் பொது அளவு இல்லை. ஒரு நிறுவனத்தாரின் 10 டபிள்யூ 40 பாகையில் ஏறத்தாழ 32 சென்றிஸ்ரோக்காக இருக்க, மற்றொரு நிறுவனத்தாரின் 10 டபிள்யூ 45 ஐயும் தாண்டி நிற்றலுண்டு. பெயர் ஒன்று, பொருள் வேறு.

கியர் எண்ணெயின் எண்களோ முற்றிலும் வேறொரு குடும்பம். கியர் எண்ணெய் 90 என்பது எஞ்சின் எண்ணெய் 50 ஐவிட இருமடங்கு தடித்ததன்று. தடிப்பில் அவ்விரண்டும் அண்டை வீட்டார். ஆயினும் 40 பாகையில் அதன் பிசுக்குமை ஏறத்தாழ 200 சென்றிஸ்ரோக். வில் தளர்ந்த கவைக்கு அதனை மருந்தாக ஊற்றும் வழக்கம் சில கராஜ்களில் உண்டு. மலைநாட்டு விடியலிலே அது கவையினுள் பாகாகிக் கிடக்கும்.

ஆகவே, பெயரை விடுத்து அளவை நோக்குக. தகரத்திலோ, ஆக்கியோரின் விவரத்தாளிலோ, 40 பாகையிற் சென்றிஸ்ரோக் எத்தனை எனக் காட்டப்பட்டிருக்கும். ஐ.எஸ்.ஓ. எனும் அனைத்துலகத் தராதர நிறுவனத்தார் 1975 இல் வெளியிட்ட முறையிலே வி.ஜி. 22, வி.ஜி. 32, வி.ஜி. 46 எனக் குறிப்பதும் இவ்வளவையே. வி.ஜி. 32 எனின், 40 பாகையில் நடுவளவு 32 சென்றிஸ்ரோக். கூடினும் குறையினும் நூற்றுக்குப் பத்துக்கு மேற்படாது.

அதனோடு நோக்கத்தக்க இரண்டாம் எண் பிசுக்குமைச் சுட்டெண். டீன், டேவிஸ் என்னும் இருவர் 1929 இல் வகுத்த இவ்வெண், வெப்பநிலை மாறும்போது எண்ணெய் எவ்வளவு நிலைகுலையாது நிற்கிறது என்பதைக் காட்டும். எண் உயர்ந்தால் எண்ணெய் உறுதியானது. மேலே கூறிய 32 சென்றிஸ்ரோக் எண்ணெயின் சுட்டெண் 100 ஐ அண்மியதாயின் 10 பாகையில் 160 ஆகும் என்றோம். சுட்டெண் 150 உடையதாயின் 135 அளவிலேயே நிற்கும். காலையில் தாழ்நிலத்து யட்டியந்தோட்டையிற் புறப்பட்டுக் கினிகத்தேனை வழியாக அற்றனுக்கும், பின் நுவரெலியாவுக்கும் ஒரே பயணத்தில் ஏறுவோர்க்கு உயர்ந்த சுட்டெண்ணே உற்ற துணை.

இனித் தெரிவு செய்யும் முறையைத் தொகுத்துரைப்பேன். முதலாவது, வண்டியின் கைந்நூல் கூறுவதை அறிக. பழைய யப்பானிய வண்டிகள் பலவற்றுக்கு ஏ.டி.எப். எனப்படும் தன்னியக்கக் கியர்ப்பெட்டித் திரவமே விதிக்கப்பட்டது. அதன் பிசுக்குமை 40 பாகையில் ஏறத்தாழ 35 சென்றிஸ்ரோக், சுட்டெண்ணும் உயர்ந்தது, விலையும் எளிது. அவ்வாறு விதித்த வண்டிக்கு அதனையோ, வி.ஜி. 32 அளவிலான முன்கவை எண்ணெயையோ இடலாம். பழைய பிரித்தானிய வண்டிகளின் கைந்நூல்கள் பலவும் எஸ்.ஏ.இ. 20 எஞ்சின் எண்ணெயைக் குறிப்பிட்டன. அது 40 பாகையில் ஏறத்தாழ 60 சென்றிஸ்ரோக். அவ்வளவை ஒட்டிய முன்கவை எண்ணெயைத் தேடுக; தகரத்தில் 20 என்று இருந்தால் மட்டும் போதாது. இரண்டாவது, மலையிலே நிலையாக ஓடும் வண்டிக்குக் கைந்நூல் அளவினின்றும் மேலே செல்லற்க. விடியலில் மட்டுமே ஓட்டுவோரும், உடல் மெலிந்தோரும் அரைப்படி கீழே இறங்கலாம். இடைப்பட்ட அளவு வேண்டின், ஒரே நிறுவனத்தாரின் ஒரே வகை எண்ணெயில் இரு தடிப்புகளைக் கலந்துகொள்ளலாம். மூன்றாவது, எண்ணெயைக் குறைகூறுமுன் வில்லைச் சோதிக்க. வில்லின் இயல்பு நீளம் கைந்நூலில் உண்டு. அதனிற் குறுகிய வில்லை மாற்றவேண்டும். தளர்ந்த வில்லின் குறையைத் தடித்த எண்ணெய் மறைக்குமேயன்றித் தீர்க்காது.

அளவும் தடிப்பும் இருவேறு செய்திகள் என்பதையும் மறவற்க. தடிப்பு, கவை எவ்வளவு விரைவாக அசையும் என்பதைத் தீர்மானிக்கும். ஊற்றும் அளவோ, மேலேயுள்ள காற்றுக்கு எவ்வளவு இடம் என்பதைத் தீர்மானிக்கும். எண்ணெய் மிகுந்தாற் காற்றின் இடம் சுருங்கும். கவை அமுங்கும்போது அக்காற்று விரைவில் நெருங்கி மற்றொரு வில்லைப்போல் எதிர்க்கும். எல்லை மீறி ஊற்றினால் அவ்வழுத்தத்தால் ஒயில் சீல் பிதுங்கி எண்ணெய் வெளியேறும். ஆகவே, இரு கால்களிலும் சமமாக, கைந்நூல் கூறும் மில்லிலீற்றர் அளவே ஊற்றுக. வடித்து மாற்றும்போது பழைய எண்ணெய் சிறிது உள்ளே தங்குவதால், முற்றாகக் கழற்றிப் பூட்டும்போது வேண்டிய அளவினும் குறைவாகவே அப்பொழுது வேண்டும். பெரும்பாலான கைந்நூல்கள் இவ்விரு அளவுகளையும் வெவ்வேறாகத் தரும்.

மாற்றும் வேலையிலே எச்சரிக்கை ஒன்று உண்டு. கவையின் தலைமூடி வில்லின் விசையோடு நிற்பது. சக்கரத்தை நிலத்தினின்றும் உயர்த்தி, வண்டியை நன்கு நிறுத்தி, மூடியைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே கழற்றவேண்டும்; முகத்தை நேரே வைத்தலாகாது. ஊற்றியபின் கவையை மெல்லப் பலமுறை ஏற்றியிறக்கிக் குமிழிகளைப் போக்கியே அளவைப் பார்க்கவேண்டும்.

எத்தனை நாளுக்கொருமுறை மாற்றுவது? கைந்நூலின் கெடுவே முதன்மை. ஆயின் அற்றனுக்கு அருகேயுள்ள வட்டவளைப் பகுதியில் ஆண்டொன்றுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. அத்தகைய இடத்தில் நீரும் சேறும் சீலைக் கடந்து உட்புகுதல் எளிது. வடித்த எண்ணெய் பால் கலந்த தேநீரின் நிறம் காட்டின், நீர் புகுந்தது என அறிக, உடனே மாற்றுக. மழையால் கவைக்குழாயின் பளபளப்பில் துருப்புள்ளிகள் எழும்; அவை சீலை அறுக்கும். நாள்தோறும் ஓட்டம் முடிந்தபின் குழாயைத் துணியாற் துடைத்தல் சிறு வேலை, பெருஞ்செலவைத் தடுக்கும். கசியும் எண்ணெய் வழிந்து முன் பிறேக்கிற் படியின் வண்டி நில்லாது. கசிவைக் கண்டபின் மலையிறங்குதல் தகாது. பிறேக் எண்ணெயைக் கவைக்கோ, கவை எண்ணெயைப் பிறேக்குக்கோ மாற்றி ஊற்றுதல் அறவே ஆகாது. ஒன்றன் இறப்பரை மற்றொன்று கெடுத்துவிடும்.

வடித்த எண்ணெயை ஓடையில் ஊற்றற்க. மஸ்கெலி ஓயாவும் கெகெல்கமு ஓயாவும் களனி கங்கையை அடைகின்றன. கொத்மலை ஓயா மகாவலியை அடைகின்றது. மலையில் நாம் கொட்டுவதைத் தாழ்நிலத்தார் குடிக்கின்றனர். போத்தலில் அடைத்து, கழிவெண்ணெய் சேர்க்கும் கராஜில் ஒப்படைத்தல் கடன்.

ஈற்றிலே எளிய சோதனையொன்று கூறுவேன். விடியற்காலையிலே, வண்டி எடுக்குமுன், சமநிலத்தில் நின்று முன் பிறேக்கைப் பிடித்தவாறே கைப்பிடியை வலிந்து அழுத்தி விடுக. கவை தடையின்றி எழுந்து ஒரே அசைவில் ஓயின், எண்ணெய் தக்கது. இருமுறை மும்முறை துள்ளின், இளகியது. உறங்கி எழுபவன்போற் சோம்பி எழுந்தால், தடித்தது. இச்சோதனையை நண்பகலிற் செய்து திருப்தியடைதல் வேண்டா. பனி மூடிய காலையே மலைநாட்டு வண்டியின் பரீட்சை வேளை.

மாணவத் தம்பிமாருக்கும் இதில் ஒரு பயன் உண்டு. பெயரை நம்பாது அளவை நோக்குதலும், ஓரிடத்தில் மெய்யான கூற்று மற்றோரிடத்திலும் மெய்யாகுமோ என ஆராய்தலும் எல்லாக் கல்விக்கும் பொதுவானவை. அவ்வாறு ஆராய்ந்து தெரிந்த எண்ணெயோடு மலைப்பாதையில் ஏறும் நம் பழைய மாணவர் யாவரும், விடியலிற் சென்றவண்ணமே மாலையில் நலமே வீடு சேர்வாராக.